இரண்டு பெயருள்ள சிறுமி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிறுவர் இலக்கியம் என்றதும் நம்மிற் பலர் அதனை இலக்கியத்தின் திண்ணையிலேயே இருத்திவிடுகிறோம். உள்ளே அழைப்பதில்லை. நரியும் காகமும் வரும், முடிவில் ஒரு நீதி வரும், பிள்ளைகள் படித்துவிட்டு உறங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் நமக்கு. பெரியவர்கள் ஆராய்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட நாவல் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. ஆனால் தான் யார் என்ற கேள்வியைப் பெரியவர்களுக்கான பல நாவல்களைவிடத் தெளிவாக அது கேட்கிறது என்பது என் கருத்து.

நாவலை எழுதியவர் கிறேஸ் லின். தாய்வானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெற்றோரின் மகள். 1974ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியில் யூற்றிக்கா நகருக்கு அருகிலுள்ள நியூ ஹார்ட்பர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். நியூயோர்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துவிட வேண்டாம். அந்த மாநகரத்தில் சீனர்கள் செறிந்து வாழும் தெருக்கள் உண்டு. இந்தச் சிற்றூரிலோ சீன முகம் காண்பது அரிது. ஓவியக் கல்லூரியில் பயின்ற கிறேஸ் லின், முதலிற் படப்புத்தகங்கள் செய்து, பின்னர் நாவலுக்கு வந்தார். இந்நாவலின் பக்கங்களிலும் அவரே வரைந்த சிறு கோட்டோவியங்கள் ஆங்காங்கே இடம்பெறுகின்றன.

2006ஆம் ஆண்டு லிட்டில் பிறவுண் நிறுவனம் வெளியிட்ட இந்நூலின் பெயரைத் தமிழிற் சொல்வதானால் 'நாய் ஆண்டு' எனலாம். நம் செவிக்கு அது இழிவாகத் தோன்றக்கூடும். சீனர் வழக்கு வேறு. நமது பிரபவ முதல் அட்சய வரையான அறுபது ஆண்டுச் சுழற்சியைப் போல அவர்களிடம் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கு. நாய் அங்கே விசுவாசத்துக்கும் நட்புக்கும் அடையாளம். எனவே நாய் ஆண்டு நல்ல தோழமை வாய்க்கும் ஆண்டு, தன்னைத்தான் கண்டுகொள்ளும் ஆண்டு என்று நாவலில் வரும் குடும்பத்தினர் பேசிக்கொள்கிறார்கள். ஒரு புத்தாண்டிலிருந்து அடுத்த புத்தாண்டு வரை நாவல் நீள்கிறது. நூல் வெளிவந்த 2006ஆம் ஆண்டும் ஒரு நாய் ஆண்டே என்பது சுவையான பொருத்தம்.

கதையைச் சொல்பவள் ஒரு சிறுமி. வீட்டில் அவளுக்குப் பெய்சி என்று பெயர். பாடசாலையில் கிறேஸ். மூத்தவள் லிஸி, இளையவள் கிகி, நடுவில் இவள். அப்பா, அம்மா, மூன்று பெண் பிள்ளைகள் என்ற சிறிய குடும்பம். கொலை இல்லை, பிரிவு இல்லை, பெருந்துயர் எதுவும் இல்லை. விருந்துகள், பாடசாலை நாடகம், விடுமுறை, பிறந்த குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் செந்நிறச் சாயமிட்ட முட்டை பரிமாறும் சடங்கு எனச் சிறு சிறு நிகழ்ச்சிகளாகவே கதை நடக்கிறது. இவற்றினூடே ஒரு கேள்வி அவளைத் தொடர்கிறது. நான் வளர்ந்து என்னவாகப் போகிறேன்? அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. நான் இப்போது யார்?

நாவலின் தொடக்கத்திலேயே இதற்கான சாவியை ஆசிரியர் தந்துவிடுகிறார். புத்தாண்டுக்கென்று பல அறைகள் கொண்ட ஓர் இனிப்புத் தட்டு. சீன மரபுப்படி அதில் நிரப்ப வேண்டியவை பாகில் ஊறிய பழவகைகளும் சீன மிட்டாய்களும். அப்பாவோ பல நிறங்களில் உள்ள எம் அன்ட் எம் சொக்கலேற் உருண்டைகளையும் அதிற் சேர்க்கிறார். நாம் சீனரும் அமெரிக்கரும்தானே, தட்டும் அப்படியே இருக்கட்டும் என்பது அவருடைய நியாயம். அடையாளம் பற்றிய நீண்ட தத்துவ விளக்கம் ஒன்றும் இல்லை. ஓர் இனிப்புத் தட்டுப் போதுமாகிறது. ஆனால் தட்டிற் கலப்பது எளிது, மனத்திற் கலப்பது அவ்வளவு எளிதன்று என்பதையே நாவலின் எஞ்சிய பகுதி காட்டுகிறது.

இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள வரலாற்றைக் கொஞ்சம் அறிந்திருத்தல் நன்று. சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1882ஆம் ஆண்டு இயற்றியது. அது 1943இலேதான் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பின்னரும் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் பேருக்கே இடம் வழங்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட புதிய குடிவரவுச் சட்டமே ஆசியருக்குக் கதவைத் திறந்தது. அதன் பின்னர் தாய்வானிலிருந்து சென்றவர்களிற் பலர் உயர்கல்வி கற்கச் சென்ற பட்டதாரிகள். படிப்பு முடிந்து தொழில் கிடைத்த ஊரிலேயே அவர்கள் குடியமர்ந்தனர். அந்த ஊரில் தம்மவர் எவரும் இல்லாதிருக்கலாம். பெய்சியின் குடும்பம் போன்ற தனிக் குடும்பங்கள் அமெரிக்கச் சிற்றூர்களில் தோன்றியதன் காரணம் இதுவே.

அடுத்து, தாய்வான். பரப்பளவில் நமது இலங்கையின் பாதியைவிடச் சற்றுப் பெரியது. சனத்தொகை 2 கோடி 30 இலட்சத்தை அண்டியது. 1895 முதல் 1945 வரை ஐம்பது ஆண்டுகள் யப்பானியர் அதனை ஆண்டனர். 1949இல் சீனப் பெருநிலத்திற் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமிந்தாங் அரசு அத்தீவுக்குப் பின்வாங்கியது. அதே ஆண்டிற் பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டம் 1987 வரை 38 ஆண்டுகள் நீடித்தது. தீவின் பெரும்பாலான மக்கள் வீட்டிற் பேசியது ஹொக்கியன் வழிவந்த தாய்வான் மொழி. பாடசாலையில் மண்டரின் சீனம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. வீட்டு மொழியிற் பேசிய பிள்ளைகள் தண்டம் கட்டினர். கழுத்தில் அட்டை தொங்கவிடப்பட்டு வகுப்பின் முன்னால் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு.

இந்த வரலாறு நாவலில் நேரடியாக வரவில்லை. ஆனால் அதன் நிழல் விழுகிறது. நீ சீனப் பெண்ணா, தாய்வான் பெண்ணா என்ற கேள்வி பெய்சிக்கு முன் வருகிறது. யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அதற்கு விடை மாறும் என்பதைப் பெரியவர்களின் பேச்சிலிருந்து அவள் அறிகிறாள். சீனர் என்று சொல்லிவிடுவது விளக்கம் சொல்வதிலும் எளிது என்பதையும் அறிகிறாள். அரசுகளும் அறிஞர்களும் முடிவு காணாத வழக்கு ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளை தன் புத்தகப் பையோடு சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

இனி, நாவலின் மையமான மூன்று நிகழ்ச்சிகளுக்கு வருவோம்.

முதலாவது, பாடசாலை நாடகம். 'ஓஸ் மந்திரவாதி' என்ற புகழ்பெற்ற கதையை மேடையேற்றப் போகிறார்கள். கதாநாயகி டொரத்தியாக நடிக்கப் பெய்சிக்கு ஆசை. தோழி ஒருத்தியிடம் அதைச் சொல்கிறாள். தோழியோ, டொரத்தி சீனப் பெண் அல்லவே, நீ எப்படி டொரத்தியாவாய் என்று கேட்கிறாள். இதை அவள் பகைமையோடு சொல்லவில்லை. வானம் நீலம் என்று சொல்வதுபோல, எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தியாகச் சொல்கிறாள். பெய்சி எதிர்வாதம் செய்யவில்லை. தோழி சொல்வது சரிதானே என்று அவளுக்கே தோன்றிவிடுகிறது. இவ்வளவு எளிய ஒன்று தனக்கு எப்படித் தெரியாமற் போயிற்று என்று வெட்கமடைகிறாள். கதாநாயகி வேடத்தை விட்டுவிட்டுக் குள்ளர் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கிறாள். இந்நிகழ்ச்சி ஆசிரியரின் சொந்த வாழ்வில் நடந்தது. பின்னர் மேடையுரைகளிலும் அதனைக் கூறியிருக்கிறார்.

இங்கு நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டொரத்தியின் கதை என்ன? கன்சாஸ் மாநிலத்துச் சிறுமி ஒருத்தி சூறாவளியில் அள்ளுண்டு முன்பின் அறியாத நாட்டில் விழுகிறாள். அங்கு புதிய நண்பர்களைத் தேடிக்கொள்கிறாள், வீட்டுக்கு வழி கேட்டு அலைகிறாள். அந்த வகுப்பிலே இக்கதையைத் தன் வீட்டுக் கதையாகவே உணரக்கூடிய பிள்ளை யாரென்றால், கடல்கடந்து வந்த பெற்றோரின் மகளாகிய பெய்சிதான். அவளுக்கே அந்த வேடம் மறுக்கப்படுகிறது. ஆசிரியர் இதனை எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதனாலேயே அது வலிக்கிறது.

இரண்டாவது நிகழ்ச்சி நூலகத்தில் நடக்கிறது. சீனர் வரும் கதைப் புத்தகம் ஏதாவது உண்டா என்று பெய்சி தேடுகிறாள். கிடைப்பது 'ஐந்து சீனச் சகோதரர்' என்ற பழைய படப்புத்தகம். கிளேயர் ஹூஷே பிஷப் எழுதிக் கேர்ட் வீஸ என்பவர் படம் வரைந்து 1938இல் வெளிவந்த நூல் அது. பல தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் விரும்பிப் படித்தது. அதில் ஐந்து சகோதரரும் ஒரே அச்சில் வார்த்தவர்போல இருப்பார்கள். மஞ்சள் முகம், கோடுபோன்ற கண், பின்னற் சடை. இந்தச் சித்திரிப்பு 1970களிலிருந்தே கண்டனத்துக்குள்ளாகியிருக்கிறது. பெய்சிக்கு அந்தக் கண்டனங்கள் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இப்படி எங்கள் வீட்டில் யாரும் இல்லை. டொரத்தியின் புத்தகத்தில் அவள் இல்லை, சீனர் புத்தகத்திலும் அவள் இல்லை. அப்படியானால் அவள் இருப்பது எந்தப் புத்தகத்தில்?

மூன்றாவது நிகழ்ச்சி, தாய்வான் அமெரிக்கக் குடும்பங்கள் ஒன்றுகூடும் கோடைகால மாநாடு. இங்காவது தன்னைப் போன்றவர்கள் கிடைப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நடப்பது வேறு. அங்கு வந்த பிள்ளைகள் அவளிடம் தாய்மொழியிற் பேசுகிறார்கள். அவளுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. உடனே அவளை 'ருவிங்கி' என்று கேலி செய்கிறார்கள். ருவிங்கி என்பது அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஒரு சிறிய கேக். மேலே மஞ்சள், உள்ளே வெள்ளைக் கிறீம். தோலில் ஆசியர், உள்ளத்தில் வெள்ளையர் என்று பொருள். இதே பொருளில் தென்னாசியப் பிள்ளைகளைத் 'தேங்காய்' என்று கேலி செய்வது இங்கிலாந்திலும் வழக்கில் உண்டு. தின்பண்டந்தான் மாறுகிறது, ஏளனம் மாறுவதில்லை.

முதலாவது நிகழ்ச்சியையும் மூன்றாவதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாவலின் கட்டுக்கோப்பு தெரியும். வெள்ளைத் தோழி, நீ எங்களிற் சேர்த்தி அல்ல என்கிறாள். தாய்வான் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். ஒருத்தி அவளது முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள், மற்றவர்கள் அவளது நாவைப் பார்த்துச் சொல்கிறார்கள். இரண்டு வாசல்களும் சாத்தப்பட்டபின் நடுவில் நிற்கும் பிள்ளை எங்கே போவாள்? இதுதான் நாவலின் உயிர்நிலை. குடிபெயர்ந்தோர் கதைகள் பலவற்றில் எதிரி வெளியேதான் இருப்பான். இங்கே தன்னவரின் ஏளனமும் அதே அளவு காயப்படுத்துகிறது என்பதை ஆசிரியர் மறைக்காமற் சொல்கிறார். பிள்ளைகளுக்கு எழுதும்போது இந்த நேர்மை எளிதில் வாய்ப்பதில்லை.

இவ்விரு மறுப்புகளுக்கும் நடுவே அவளுக்கு ஆறுதலாக இரண்டு விடயங்கள் அமைகின்றன. ஒன்று, அந்த ஆண்டு அவளுடைய பாடசாலைக்குப் புதிதாக வந்துசேரும் மெலடி. அவளும் தாய்வான் குடும்பத்துப் பெண். முதன்முறையாக எதையும் விளக்காமலே பேசக்கூடிய ஒரு தோழி கிடைக்கிறாள். எங்கள் வீட்டில் ஏன் சோறு சமைக்கிறார்கள், ஏன் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையிற் பணம் தருகிறார்கள் என்றெல்லாம் மெலடிக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் சொல்லத் தேவையில்லாத இடமே வீடு என்றால், மெலடியின் நட்பும் ஒரு வீடுதான்.

மற்றையது, அம்மா சொல்லும் கதைகள். நாவலின் உருவ அமைப்பில் மிக முக்கியமான கூறு இது. பெய்சிக்கு ஏதாவது மனவருத்தம் நேர்ந்தால் அம்மா அறிவுரை சொல்வதில்லை. தான் தாய்வானிற் சிறுமியாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறாள். தன் பெற்றோரைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் சொல்கிறாள். ஓட்டத்தின் நடுவிலே தனித் தலைப்போடு இக்கதைகள் வந்து அமர்கின்றன. நமது பாட்டிமார் கதை சொல்வதுபோலவே சிரிப்பும் குறும்பும் நிறைந்தவை. படிக்கும் பிள்ளைக்கு அவை கதைக்குள் வரும் கிளைக்கதைகள். சற்று நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். அந்தத் தாய் தன் மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, அல்லது கொடுக்க முடியவில்லை. மொழியிலே கொடுக்க முடியாததைக் கதையிலே கொடுக்கிறாள். அதுவும் ஆங்கிலத்தில். தாய்வானின் வீதியையும் வீட்டையும் அங்குள்ள மனிதரையும் பிள்ளை ஆங்கிலத்திற் கேட்டுத் தன்னுடையதாக்கிக்கொள்கிறாள்.

நாவலின் திருப்பம் இந்தக் கதைகளிலிருந்தே பிறக்கிறது. பிள்ளைகள் தாமே எழுதிப் படமும் வரைந்து அனுப்ப வேண்டிய ஒரு நூற் போட்டி அறிவிக்கப்படுகிறது. எதை எழுதுவது? நூலகத்திற் கிடைக்காத புத்தகத்தைத் தானே எழுதுவது என்று பெய்சி முடிவு செய்கிறாள். அவள் எழுதுவது அரசகுமாரி கதையன்று. அம்மாவின் வீட்டுத் தோட்டம். அயலவர் எல்லாரும் பூச்செடி நடுகிறார்கள். இவர்கள் வீட்டிலோ கோணல் மாணலான சீனக் காய்கறிகள். 'அழகற்ற காய்கறிகள்' என்று அதற்குப் பெயர். போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கிறது. முதற்பரிசு அன்று, நான்காம் இடம். முதற்பரிசு கொடுத்துக் கதையை இனிப்பாக்கிவிடாமல் ஆசிரியர் காத்த அளவுணர்ச்சியை நான் பாராட்டுகிறேன். பரிசைவிட அவளுக்கு வேண்டியிருந்தது கேள்விக்கு விடை. நான் எழுதுபவள், வரைபவள் என்ற விடை அவளுக்குக் கிடைத்துவிடுகிறது.

கற்பனையும் வாழ்க்கையும் இந்நூலில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கிறேஸ் லின் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட முதற் படப்புத்தகத்தின் பெயரும் 'அழகற்ற காய்கறிகள்' என்பதே. அதன் முடிவில், அந்த விகாரமான காய்கறிகளிற் செய்த சூப்பின் மணத்துக்கு அயலவர் எல்லாரும் பூங்கொத்துகளோடு வந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அவர்களும் சீனக் காய்கறி நடுகிறார்கள். மெலடி என்ற பாத்திரத்துக்கும் ஒரு மூலம் உண்டு. ஆசிரியரின் சிறுபராயத் தோழி அல்வினா லிங் வளர்ந்து லிட்டில் பிறவுண் நிறுவனத்தில் பதிப்பாசிரியரானார். இந்நாவலைப் பதிப்பித்தவர் அவரே. சிறுவயதில் தம்மைப் பற்றிய புத்தகம் இல்லாதிருந்த இரு சிறுமியரில் ஒருத்தி அதனை எழுதவும் மற்றவள் அதனைப் பதிப்பிக்கவும் நேர்ந்தது. இலக்கிய உலகில் இப்படியான பொருத்தம் எப்போதாவதுதான் அமையும்.

ஒரு பிள்ளை தன்னைப் புத்தகத்திற் காண்பது அவ்வளவு அவசியமா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் றூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. புத்தகம் பிள்ளைக்குச் சில வேளை யன்னலாகும், பிறர் வாழ்வை அதனூடே பார்க்கலாம். சில வேளை முகம் பார்க்கும் கண்ணாடியாகும், தன்னையே அதில் பார்க்கலாம் என்கிறார் அவர். யன்னல்கள் மட்டுமே உள்ள வீட்டில் வளரும் பிள்ளை தன் முகத்தை மறந்துவிடும். டொரத்தியாக ஆசைப்பட்ட நிமிடத்தில் பெய்சிக்கு நேர்ந்தது அதுதான். தான் சீன முகம் உடையவள் என்பதே அவளுக்கு நினைவில் இல்லை. பிறர் சொல்லித்தான் நினைவு வருகிறது, அதுவும் ஒரு குறையாக. மறுபுறம், கண்ணாடிகள் மட்டுமே உள்ள வீட்டில் வளரும் பிள்ளை, உலகம் முழுவதும் தன் முகமே என்று எண்ணிக்கொள்ளும். அந்தத் தோழிக்கு நேர்ந்தது அது. குற்றம் எந்தப் பிள்ளையிலும் இல்லை. குறை புத்தக அலுமாரியில் இருந்தது.

அந்த அலுமாரி முற்றாக வெறுமையாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. லோறன்ஸ் யெப் எழுதிய 'டிறகன்விங்ஸ்' 1975இல் வந்தது. பெற்றி பாவ் லோர்ட் சீனச் சிறுமி ஒருத்தி புரூக்ளின் வந்துசேர்ந்த கதையை 1984இல் எழுதினார். இவை சிறந்த நூல்கள். ஆனால் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககாலக் கதை, மற்றையது கப்பலில் வந்திறங்கிய பிள்ளையின் கதை. அமெரிக்காவிலேயே பிறந்து, நாடகத்துக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் போய்வரும் சாதாரணப் பிள்ளையின் சாதாரண நாட்களை எழுதியதே கிறேஸ் லின்னின் பங்களிப்பு. தாய்வான் வழிவந்த மற்றோர் எழுத்தாளரான ஜீன் லுவென் யாங், சித்திரக்கதை வடிவில் இதே பிரச்சினையை எழுதிய நூலும் 2006இலேயே வெளிவந்தது. அவரது நூல் கோபமும் அங்கதமும் கொண்டது. இவருடையது சாந்தமானது.

இந்தச் சாந்தமே நாவலின் குறை என்றும் சொல்லலாம். பெற்றோர் பிறந்த மண்ணில் நடந்த அடக்குமுறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டு மொழிக்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டிலே, அந்த மொழி பிள்ளைகளுக்குப் போய்ச்சேராமல் நின்றது ஏன் என்பதை ஆசிரியர் ஆழ்ந்து நோக்கவில்லை. பெற்றோரின் மனக்கவலைகள் பிள்ளையின் கண்ணுக்கு எட்டிய அளவே தெரிகின்றன. சிறுமியின் வாய்மொழியாகச் சொல்லப்படும் கதை அவள் அறிந்ததைத்தானே சொல்லும் என்று ஆசிரியர் சார்பில் வாதிடலாம். அந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் மொழி பற்றிய வினா திறந்தே கிடந்தது.

அதை ஆசிரியரும் உணர்ந்திருக்க வேண்டும். 2008இல் 'எலி ஆண்டு' என்ற இரண்டாம் நாவல் வந்தது. அதில் மெலடி கலிபோர்னியாவுக்குப் போய்விடுகிறாள். துணை இல்லாமல் நிற்கப் பெய்சி பழக வேண்டியிருக்கிறது. 2012இல் வந்த மூன்றாம் நாவலிலே குடும்பம் தாய்வானுக்கே போகிறது. பாட்டியின் அறுபதாவது பிறந்தநாள், நம் வழக்கிற் சொன்னால் மணிவிழா. 28 நாட்கள் தங்குகிறார்கள். இப்போது பெய்சியைச் சுற்றிலும் அவளைப் போன்ற முகங்கள். எவரும் அவளை வேறாகப் பார்ப்பதில்லை. ஆனால் வாய் திறந்ததும் அவள் அந்நியளாகிவிடுகிறாள். கடைக்காரர் பேசுவது விளங்கவில்லை. அமெரிக்காவில் முகத்தால் வேறுபட்டவள் இங்கே மொழியால் வேறுபடுகிறாள். அம்மா ஆங்கிலத்திற் சொன்ன கதைகள் அவளைத் தாய்வானின் வாசல்வரை கொண்டுவந்து விட்டன. உள்ளே போவதற்கு மொழி வேண்டியிருக்கிறது. முதல் நாவல் நம்பிக்கையோடு முடித்த கணக்கை மூன்றாம் நாவல் மீண்டும் எடுத்துப் பார்க்கிறது. மூன்றையும் சேர்த்துப் படிப்போருக்கே ஆசிரியரின் முழு எண்ணம் புலனாகும்.

நேயர்களே, ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாட்டியைப் பார்க்க வரும் பேரப்பிள்ளைகள் உங்களிற் பலருடைய வீடுகளிலும் இருப்பார்கள். நாம் தமிழிற் கேட்பதை விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் விடை சொல்லும் பிள்ளைகள். அவர்களைக் கண்டதும், தமிழ் தெரியாதா என்று நாம் கேட்கும் தொனியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மாநாட்டுப் பிள்ளைகள் பெய்சியை ருவிங்கி என்ற தொனிக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. மொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எவ்வளவு வேண்டும் என்பதை அந்த மூன்றாம் நாவலே காட்டுகிறது. ஆனால் ஏளனத்தால் எந்தப் பிள்ளையும் மொழிக்குள் வந்ததில்லை. பெய்சியை அவளது முன்னோரிடம் அழைத்துப் போனது அம்மாவின் கதைதான்.

கிறேஸ் லின் பின்னர் சீனப் பழங்கதைகளைத் தழுவி எழுதிய 'மலை நிலவைச் சந்திக்கும் இடம்' 2010ஆம் ஆண்டு நியூபெரி கௌரவ விருது பெற்றது. 2022ஆம் ஆண்டு அவரது ஒட்டுமொத்தப் பணிக்காக அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் இலக்கிய மரபு விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. விருதுகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 'நாய் ஆண்டு' நூலின் இறுதியில் அவர் சேர்த்துள்ள குறிப்புத்தான். தான் சிறுமியாக இருந்தபோது கிடைக்காத புத்தகத்தையே எழுதியதாக அதிற் கூறுகிறார்.

எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல் இது. மேல்வகுப்பு மாணவர் அகராதியின் துணையின்றியே படித்துவிடலாம். நூலகங்களில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் எதை அனுப்பட்டும் என்று கேட்டால் இதனைச் சொல்லுங்கள். வீட்டிற் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து படியுங்கள். படித்து முடித்தபின், உங்கள் சிறுவயதுக் கதை ஒன்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.